நண்பகலில் ஒரு வண்டி: கான்ஸ்டபிளின் ஓவியமும் அதைப் பார்த்த கண்களும்

1822 ஏப்ரலில் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் தன் நண்பரான பாதிரியார் ஜான் ஃபிஷருக்கு லண்டனிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். ஊரில் குடும்பத் தொழிலைக் கவனித்துவந்த தம்பி ஏப்ரம் கலங்கிப்போயிருக்கிறான் என்று அதில் சொல்கிறார். சஃபோக் மாவட்டத்தின் நிலைமை அயர்லாந்து அளவுக்குக் கெட்டுவிட்டது. பக்கத்திலோ தூரத்திலோ தீ எரியாத இரவே இல்லை. சபைக்குருவும் பண்ணையாரும் ஊரைவிட்டே போய்விட்டார்கள். குத்தகையையோ தசமபாகத்தையோ யாரும் குறைக்கவில்லை. வேலையும் கூலியும் இல்லாத விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்து, வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது, அதே சஃபோக்கின் ஆற்றங்கரையை ஆழ்ந்த அமைதியோடு காட்டும் ஒரு பெரிய ஓவியம் விற்காமல் அவரிடமே இருந்தது. இன்று உலகம் அதை 'ஹே வெயின்' என்ற பெயரால் அறியும். புல் ஏற்றும் வண்டி என்று பொருள். லண்டன் நேஷனல் கேலரியில் தொங்குகிறது. இங்கிலாந்தின் கிராமப்புறம் என்றதும் பலர் மனதில் முதலில் எழும் படம் இதுதான்.

ஒரு நிலக்காட்சி ஓவியத்தை ரசிக்க அதற்கு வெளியே எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று நம்புகிறவர்கள் நிறைய. புராணக் காட்சி என்றால் கதை தெரிய வேண்டும், உருவப்படம் என்றால் ஆள் யாரென்று தெரிய வேண்டும்; மரமும் நீரும் வானமும் யாருக்கும் புரியும் என்பது அவர்கள் வாதம். நேர்மாறாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. கதை சொல்லும் ஓவியம் தன் சூழலைக் கொஞ்சமாவது தன்னோடு எடுத்துவருகிறது. நிலக்காட்சி அதை மறைத்துவிட்டு, தான் என்றும் இப்படியே இருந்ததுபோல் நிற்கிறது. ஆகவே அதைப் பார்ப்பதற்குத்தான் சூழலறிவு அதிகம் வேண்டும். இருநூறு ஆண்டுகளில் 'ஹே வெயின்' பட்ட பாடு இதற்கு நல்ல சாட்சி.

முதலில் படத்தைப் பார்ப்போம். சுமார் 130 சென்டிமீட்டர் உயரம், 185 சென்டிமீட்டர் அகலம். இடப்பக்கம் ஓட்டுக் கூரையும் புகைபோக்கியுமாக ஒரு குடியானவர் வீடு. வில்லி லாட் என்ற குத்தகை விவசாயி அங்கே வாழ்ந்தார். எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்நாளில் அவர் அந்த வீட்டைவிட்டு மொத்தம் நான்கு நாள்கூட வெளியே தங்கியதில்லை என்று கான்ஸ்டபிளின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய லெஸ்லி பதிவுசெய்கிறார். வீட்டுக்கு முன்னால் ஃபிளாட்ஃபோர்டு ஆலையின் குட்டை. ஸ்டூர் ஆற்று நீர் அங்கே அகன்று ஆழமின்றிக் கிடக்கிறது. நடுவில், தண்ணீருக்குள் ஒரு வெற்று வண்டி. அதில் இரண்டு ஆட்கள். குதிரைகளின் கழுத்துப் பட்டையில் மட்டும் பளிச்சென்ற சிவப்பு. அத்தனை பச்சைக்கும் நடுவில் கண் போய் நிற்பது அந்த இடத்தில்தான். கரையில் ஒரு நாய் வண்டியைப் பார்க்கிறது. வீட்டோரத்தில் ஒரு பெண் நீரருகே குனிந்திருக்கிறாள். வலப்பக்கம் நாணல் மறைவில் படகோடு ஒருவர். அதற்கப்பால் வெயில் விழுந்த புல்வெளி. அதன் கடைசியில், கிட்டப்போய்ப் பார்த்தாலொழியத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்ன வெள்ளைத் தீற்றல்கள். அவை புல் அறுப்பவர்களின் சட்டைகள். இன்னொரு வண்டியில் அவர்கள் புல் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். வெற்று வண்டி அங்கேதான் போகிறது.

வண்டி ஏன் தண்ணீரில் நிற்கிறது? வேனிலில் மரச் சக்கரம் காய்ந்து சுருங்கும். சுருங்கினால் இரும்புப் பட்டை கழன்றுகொள்ளும். வண்டியை நீரில் இறக்கினால் மரம் ஊறிப் பட்டையோடு இறுகும், குதிரைகளின் காலும் குளிரும். மாட்டு வண்டி ஓட்டிப் பழகிய ஊரில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கோ வண்டி சும்மா நிற்கிறது. அதனால் படம் ஓய்வைச் சொல்கிறது. தெரிந்தவருக்கு அது ஒரு வேலையின் நடுக்கட்டம்.

வானத்தைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம். கான்ஸ்டபிள் இளவயதில் அப்பாவின் காற்றாலையில் வேலை செய்தவர். காற்றாலைக்காரனுக்கு மேகம் பார்ப்பது பிழைப்பு. 1821, 1822 ஆண்டுகளில் ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டுமே படம் படமாகத் தீட்டினார். பல படங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்துவைத்தார். 'ஹே வெயின்' வானில் வெண்மேகங்களுக்கிடையே கருமேகமும் திரண்டு நகர்கிறது. மழைக்காக ஆண்டு முழுக்க வானம் பார்க்கும் நாட்டிலிருந்து வரும் நம் கண்ணுக்கு அது குளிர்ச்சி, நம்பிக்கை. ஆனால் அறுத்த புல் உலர்ந்தாக வேண்டும், நனைந்தால் கெட்டுப்போகும் என்று தெரிந்தவுடன் அந்த மேகத்தின் முகம் மாறிவிடுகிறது. களத்தில் நெல் கிடக்கும்போது மேற்கே இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதைப்பு புதிதல்ல. படத்தில் மாற்றம் எதுவும் இல்லை, ஆனாலும் அமைதியான ஒரு நண்பகல் இப்போது அவசரம் ஏறிய நண்பகலாகிவிட்டது.

நண்பகல் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். 1821இல் ராயல் அகாடமி கண்காட்சியில் இந்த ஓவியம் 'நிலக்காட்சி: நண்பகல்' என்ற தலைப்பில்தான் வைக்கப்பட்டது. 'ஹே வெயின்' என்பது ஃபிஷர் செல்லமாக வைத்த பெயர். நிலத்தோடு பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று வகுத்த தமிழ் மரபில் நண்பகல் பாலைக்கு உரியது; வெம்மையும் பிரிவும் அதற்குள் இருக்கின்றன. கான்ஸ்டபிளின் நண்பகலோ ஈரம் நிறைந்தது. அதனால் ஒரு தமிழ் வாசகர் இந்தத் தலைப்போடு படத்தின் முன் நின்றால், வெயில் எங்கே என்று ஒரு கணமாவது தேடுவார். அந்தத் தேடலும் ரசனையின் ஒரு பகுதிதான் என்று நினைக்கிறேன். புல்வெளியில் விழும் வெளிச்சத்தை அவர் மற்றவர்களைவிடக் கூர்மையாகப் பார்த்துவிடுவார்.

1821இன் லண்டன் ரசிகருக்கு வேறு சிக்கல் இருந்தது. கண்காட்சி நடந்த சோமர்செட் ஹவுஸ் அரங்கில் சட்டத்தோடு சட்டம் உரச, தரையருகிலிருந்து கூரை வரை ஓவியங்களை மாட்டுவார்கள். அந்த நெரிசலில் கவனம் பெறத்தான் கான்ஸ்டபிள் 1819 முதல் ஆறடி அகல ஓவியங்களைத் தீட்டத் தொடங்கினார். ஆனால் அந்த அளவு வரலாறு, புராணம், வேதாகமக் காட்சிகளுக்கு உரியது என்பது அன்றைய வழக்கம். தெய்வமோ மன்னனோ இருக்க வேண்டிய அகலத்தில் ஒரு வண்டிக்காரன்! பார்த்தவர்கள் சிலர் பாராட்டி எழுதினார்கள். உண்மையான கிராமத்துக்கு இவ்வளவு நெருங்கிய ஓவியம் இல்லை என்றார்கள். வாங்கத்தான் யாரும் முன்வரவில்லை. இலைகளிலும் நீரிலும் மினுங்கும் வெண்புள்ளிகளை இங்கிலாந்து விமர்சகர்கள் பல ஆண்டுகள் கேலி செய்தார்கள்.

ஊரிலிருந்து நேரில் பார்த்துத் தீட்டியதுபோல் தோன்றும் இந்தப் படம் லண்டனில், பெரும்பாலும் குளிர்காலத்தில், ஸ்டுடியோவுக்குள் உருவானது. பழைய குறிப்புப் படங்களும் நினைவும்தான் துணை. வண்டியின் வடிவம் சரியாக நினைவில் இல்லாததால் ஏப்ரம் மூலம் கேட்டு, ஊரிலிருந்த இளைய ஜான் டன்தார்ன் வரைந்த வண்டிப் படத்தை வரவழைத்தார். இந்தச் செய்தி பிறகு நமக்குத் தேவைப்படும்.

மூன்றாண்டுகள் கழித்து அதே ஓவியம் பாரிஸில் வேறொன்றாகியது. ஆரோஸ்மித் என்ற கலை வணிகர் 1822இல் 70 பவுன் தருவதாகச் சொன்னபோது கான்ஸ்டபிள் மறுத்துவிட்டார். 1824இல் இதையும் இன்னொரு பெரிய ஓவியத்தையும் சேர்த்து 250 பவுனுக்குக் கொடுத்தார், ஒரு சிறு ஓவியத்தை இனாமாகவும் சேர்த்து. அந்த ஆண்டு சலோன் கண்காட்சியில் அவை இடம்பெற்றன. பிரெஞ்சுக் கலை நிறுவனங்கள் 1817இல்தான் 'வரலாற்று நிலக்காட்சி'க்கென்று ரோம் பரிசு ஒன்றை ஏற்படுத்தியிருந்தன. இடிந்த கோயில், கிரேக்க வீரர், சீராக அடுக்கிய மரங்கள் இருந்தால்தான் நிலக்காட்சிக்கு மதிப்பு. அந்த வரையறையால் மூச்சுமுட்டிக் கிடந்த இளம் ஓவியர்களுக்கு, துண்டு துண்டான தூரிகைத் தடங்களோடு வந்த இந்த ஆங்கிலப் புல்வெளி ஒரு திறப்பாகத் தெரிந்தது. ஓவியர் டெலக்ருவா அவற்றைக் கண்காட்சிக்கு முன்பே வணிகரிடம் பார்த்தார். அதன் தாக்கத்தில் தன் 'கியோஸ் படுகொலை' ஓவியத்தின் சில பகுதிகளை மீண்டும் தீட்டினார் என்று சொல்லப்படுகிறது. எழுத்தாளர் ஸ்டெந்தாலுக்கு அரை மனதுதான். இவ்வளவு உண்மையாகக் காட்டத் தெரிந்த கண்ணாடியை, தூங்கும் நீரில் போகும் புல் வண்டிக்கு முன்னால் வைப்பதற்குப் பதில் மகத்தான ஒரு காட்சிக்கு முன்னால் வைத்திருக்கலாமே என்று ஆதங்கப்பட்டார். பத்தாம் சார்ல்ஸ் மன்னர் தங்கப் பதக்கம் அளித்தார். கான்ஸ்டபிள் அதை வாங்கக்கூடப் போகவில்லை. வாழ்நாளில் அவர் இங்கிலாந்தைவிட்டு வெளியே காலெடுத்து வைத்ததே இல்லை.

பாரிஸ் ரசிகர்களுக்கு வில்லி லாட்டைத் தெரியாது, கோதுமை விலை தெரியாது, ஏப்ரமின் கலக்கம் தெரியாது. அதனாலேயே அவர்களால் வண்ணத்தை வண்ணமாகவும், தடத்தைத் தடமாகவும் பார்க்க முடிந்தது. ஒரு சூழலை அறியாதது இன்னொரு பார்வைக்கு வழிவிட்டது. சூழல் தெரிந்தால்தான் ரசிக்கலாம் என்று ஒரேயடியாகச் சொல்ல என்னைத் தயங்க வைப்பது இந்தப் பாரிஸ் அத்தியாயம்தான்.

அதன்பின் ஓவியம் இங்கிலாந்து திரும்பி, தனியார் கைகளில் இருந்து, 1886இல் ஹென்றி வான் என்ற சேகரிப்பாளரால் நேஷனல் கேலரிக்குக் கொடையாக வந்தது. தொழிற்சாலைப் புகையில் வாழ்ந்த ஒரு தேசம், தான் இழந்துவிட்டதாக எண்ணிய கிராமத்தை அதில் கண்டது. அச்சுப் பிரதி, பிஸ்கட் டப்பா, தேநீர்த் தட்டு, நாட்காட்டி என்று அது வீடுவீடாகப் போனது. அந்த நிலமே ஓவியரின் பெயரைப் பெற்றுவிட்டது. கான்ஸ்டபிள் உயிரோடிருந்தபோதே இது தொடங்கியது. 1832இல் அவர் கோச்சு வண்டியில் டெட்ஹாம் பள்ளத்தாக்கு வழியாகப் போகையில், அழகான இடம் என்று சொல்ல, எதிரே இருந்த பயணி இது கான்ஸ்டபிளின் நாடு என்று பதில் சொன்னாராம். 1943இல் ஃபிளாட்ஃபோர்டு ஆலை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம் வந்தது. 1970இல் டெட்ஹாம் பள்ளத்தாக்கு பாதுகாக்கப்பட்ட இயற்கை எழில் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நிலத்தைப் பார்த்து ஓவியம் பிறந்தது போய், ஓவியத்தைப் பார்த்து நிலத்தைப் பேணும் நிலை வந்துவிட்டது.

இனி அந்தத் தீக்கு வருவோம்.

நெப்போலியனோடு நடந்த போர் 1815இல் முடிந்ததும் தானிய விலை சரிந்தது. படையிலிருந்து திரும்பியவர்கள் வேலை தேடி ஊர் வந்தார்கள். நிலவுடைமையாளர்களைக் காக்க நாடாளுமன்றம் தானியச் சட்டம் கொண்டுவந்தது: உள்நாட்டுக் கோதுமை ஒரு குவார்ட்டருக்கு (அன்றைய தானிய அளவு) 80 ஷில்லிங் விலையை எட்டும் வரை வெளிநாட்டுக் கோதுமை விற்பனைக்கு வர முடியாது. கூலிக்காரர்களுக்கு ரொட்டி எட்டாமல் போயிற்று. குளிர்காலம் முழுக்கக் கதிரடித்துக் கிடைத்த கூலியை இயந்திரம் பறித்தது. 1816இல் கிழக்கு ஆங்கிலியப் பகுதியில் கலவரம் வெடித்து, ஈலி நகரில் ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1822இல் மீண்டும் தீ. 1830இல் தென் இங்கிலாந்து முழுக்க 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் மிரட்டல் கடிதங்களும் இயந்திர உடைப்பும் பரவின.

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வாளர் ஜான் பேரல் 1980இல் 'நிலக்காட்சியின் இருண்ட பக்கம்' என்ற நூலை வெளியிட்டார். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியத்தில் கிராமத்து ஏழைகள் எப்படிக் காட்டப்பட்டார்கள் என்பது அதன் பொருள். கான்ஸ்டபிளின் உழைப்பாளிகள் தூரத்தில், முகமற்று, வண்ணத் தீற்றல்களாகக் கரைந்திருப்பது தற்செயல் அல்ல என்பது அவர் வாதம். அருகில் வந்தால் அவர்களின் கோபம் தெரியும், அல்லது பசி தெரியும். தூரத்தில் வைத்தால் நிலத்தோடு இசைந்த ஒரு பகுதியாகிவிடுவார்கள்.

இதைப் படித்தபிறகு அந்த வெள்ளைத் தீற்றல்களை முன்புபோல் பார்க்க முடியாது. என்னால் முடியவில்லை. பேரலின் பெரிய பங்களிப்பு என்று நான் கருதுவது, படத்தின் மிகச் சிறிய பகுதிக்குக் கண்ணைத் திருப்பிவிட்டதைத்தான். அதுவரை புல்வெளியின் ஒளியில் தொலைந்துபோன மனிதர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கவர்களானார்கள்.

ஆனால் ஓவியன் எங்கே நின்று பார்க்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் காட்சி ஃபிளாட்ஃபோர்டு ஆலைப் பக்கத்திலிருந்து தெரிவது. ஆலை கான்ஸ்டபிளின் தந்தை கோல்டிங்குக்குச் சொந்தம். தானிய வியாபாரி, படகுகள் வைத்திருந்தவர். அந்த ஆற்றில் போன கோதுமையும் மாவும் அந்தக் குடும்பத்தின் வருமானம். ஆக, இது முதலாளி வீட்டுப் பையன் தன் வாசலிலிருந்து கண்ட உலகம். எந்தக் காலத்து உலகம் என்பதும் முக்கியம். லண்டனில் அமர்ந்து பழைய குறிப்புகளையும் நினைவையும் கொண்டு தீட்டினார் என்று மேலே சொன்னேன். அவருடைய இளமை பெரும்பாலும் போர்க்காலத்தில் கழிந்தது. போரால் தானிய விலை ஏறி, ஆலைக்காரர்கள் செழித்த ஆண்டுகள் அவை. படத்தில் இருக்கும் நிறைவு பொய்யில்லை. ஒரு குடும்பத்துக்கு, ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 1816இல் தந்தை இறந்துவிட்டார். அதே ஆண்டில் ஈலியில் தூக்குமரம். போய்விட்டதை அவர் ஆறடி அகலத்தில் திரும்பக் கட்டினார். தன் வர்க்கத்தின் பார்வையிலிருந்து அவர் வெளியே வந்தாரா என்றால், இல்லை. 1832இன் தேர்தல் சீர்திருத்தத்தையும் எதிர்த்தவர் அவர். இருந்தாலும், இந்தப் படத்தைப் பொய்ச்சாட்சி என்று தள்ளுவதைவிட, எதையோ இழந்தவனின் வாக்குமூலம் என்று படிப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

பேரலின் நூல் வந்த அதே 1980இல் ஓவியர் பீட்டர் கென்னார்டு வேறொன்று செய்தார். அமெரிக்கக் குரூஸ் ஏவுகணைகள் இங்கிலாந்தின் கிராமப்புறத் தளங்களில் நிறுத்தப்படப் போகின்றன என்ற செய்தி வந்தபோது, 'ஹே வெயின்' அச்சுப் பிரதியில் வண்டியின்மேல் ஏவுகணைகளை வெட்டி ஒட்டினார். பிஸ்கட் டப்பா அளவுக்குப் பழகிப்போன படம் என்பதால்தான் அந்த ஒட்டுப்படம் உடனே உறைத்தது. 2022 ஜூலை 4ஆம் தேதி 'ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்' இயக்கத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் நேஷனல் கேலரியில் மூல ஓவியத்தின் மேலேயே அச்சிட்ட தாள்களை ஒட்டினார்கள். ஆறு இருந்த இடத்தில் தார்ச்சாலை, வானத்தில் விமானங்கள். பிறகு சட்டத்தில் கைகளைப் பசையால் ஒட்டிக்கொண்டார்கள். மேற்பூச்சிலும் சட்டத்திலும் சிறு சேதம்.

இரண்டுக்கும் நோக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை. கென்னார்டின் படத்தைப் பார்த்தவர் மூலத்துக்குத் திரும்பிப் போகலாம், போனால் அந்த வண்டியின் வெறுமையைப் புதிதாகக் காண்பார். ஒட்டிய தாளோ மூலத்தை மறைத்தது. சூழலை வைத்துப் படத்தைப் பார்ப்பது வேறு, படத்தின் இடத்தில் சூழலைக் கொண்டுவந்து வைப்பது வேறு. அருங்காட்சியகச் சுவர்க்குறிப்புகளுக்கும் இந்த அளவுகோலையே நான் வைப்பேன். தானியச் சட்டத்தைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு, வெள்ளைத் தீற்றல்களை எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லாத குறிப்பு, வாசகரைச் சுவரில் நிறுத்திவிடுகிறது.

நம் சொந்தச் சூழல்தான் நம் கண்ணுக்கு எளிதில் தென்படாதது. 'ஹே வெயின்' ஓவியத்துக்கு முன்னோட்டமாக அதே அளவில் கான்ஸ்டபிள் தீட்டிய எண்ணெய்வண்ண வரைவு ஒன்று, ஹென்றி வானின் உயில்படி, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடிப்பூச்சின் பழுப்பு ஊடே தெரிய, வேகமான தூரிகைத் தடங்கள். முன்புறக் கரையில் குதிரையேறிய ஒருவரும் உண்டு. முடித்த படத்தில் கான்ஸ்டபிள் அந்த உருவத்தை அழித்துவிட்டார். இந்த வரைவுகளை அவர் கண்காட்சிக்கு அனுப்பியதே இல்லை. அவருக்கு அவை வேலைக் கருவிகள். இருபதாம் நூற்றாண்டிலோ பல ரசிகர்கள், முடித்த ஓவியத்தைவிட வரைவே உயிருள்ளது என்று சொல்லத் தொடங்கினார்கள். இம்ப்ரெஷனிஸ்டுகளையும் அவர்களுக்குப் பின் வந்தவர்களையும் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். முடிக்காததில் நேர்மை இருக்கிறது, மெருகில் ஒரு சமரசம் இருக்கிறது என்பது நம் காலத்தின் நம்பிக்கை. அதை நாம் ரசனை என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்த வரைவின் வேகம் என்னையும் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் முடித்த படத்தையே எடுப்பேன். வரைவில் இருப்பது எந்தப் பொழுதாகவும் இருக்கலாம். மேகத்துக்கும் மேகத்துக்கும் நடுவே வெயில் சற்று நேரம் புல்வெளியில் இறங்க, அதற்குள் ஏற்றி முடிக்க அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் குனிந்திருக்கும் நண்பகல், பழுப்பை மூடிப் பச்சையைப் பொறுமையாக அடுக்கிய பிறகுதான் வந்திருக்கிறது.